அனுமதி நீக்கம்

காம்பவுண்டுச் சுவருக்கு மேல் பேராச்சியக்காளின் தலை தெரிந்தபோது நிர்மலாதேவி பின்வாசலில் நின்றபடியே மத்தியானச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உட்கார்ந்து சாப்பிடும் பழக்கம் அவளுக்கு விட்டுப்போயிருந்தது. ஒரு ஆளுக்காக மேஜையைத் துடைத்து, தட்டை வைத்து, தண்ணீர் மோந்து வைத்து உட்காருவதற்குள் பசி போய்விடுகிறது.

"ஏட்டி நிர்மலா, ரெண்டு பாய் இருந்தா குடு. விருதுநகர்லேர்ந்து ஒரு கூட்டம் வந்திருக்காவ. ஆறு பேருன்னு சொல்லிட்டு பதினோரு பேரு நிக்காவ."

மேலகரத்தில் சாரல் பிடித்துவிட்டால் பேராச்சியக்காளின் வீடு அவளுடைய வீடாக இருக்காது. மாடியும் கீழுமாக மூன்று அறைகளையும் குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, அடுக்களையில் படுத்துக்கொள்வாள். ஜூன் தொடங்கி ஆகஸ்ட் முடிய அந்த வீட்டில் பிள்ளைகள் அழுவார்கள், யாராவது எண்ணெய் தேய்த்துக்கொண்டு மாடிப்படியில் வழுக்கி விழுவார்கள், ஈரத்துணி இரண்டு வீட்டுக் கொடியிலும் தொங்கும். சுவருக்கு இந்தப் பக்கம் நிர்மலாவின் வீட்டில் மிக்சி ஓடினால்தான் சத்தம்.

அவளுக்கு முப்பத்தேழு வயது. கல்யாணம் ஒன்று நடந்து, பெரிய சண்டை எதுவும் இல்லாமலே முடிந்தும் போயிருந்தது. போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற அப்பா இந்த வீட்டில்தான் இறந்தார். அதன் பிறகு அண்ணன் வந்து அம்மாவைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனான். "நீயும் வாயேன்" என்று வாசலில் நின்று கேட்டான். செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான். எங்கிருந்தும் பார்க்கக்கூடிய வேலை என்பதால் அவள் எங்கும் போகவில்லை.

பாயை எடுத்துக் கொடுத்தபோது பேராச்சியக்கா வழக்கம்போல் கேட்டாள். "சனிக்கெழமையும் வேலையாட்டி? அப்படி என்னதான் பாக்க?"

முன்பு ஒருமுறை நிர்மலா சொல்லிப் பார்த்திருக்கிறாள். இணையத்தில் பிளாக்செயின் என்று தனித்தனிக் கணக்குச் சங்கிலிகள் இருக்கின்றன. ஒரு சங்கிலியில் காசுபோல் இருக்கும் டோக்கனை இன்னொன்றுக்கு நேராகத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இந்தப் பக்கம் பூட்டி வைத்துவிட்டு அந்தப் பக்கம் அதே அளவுக்குப் புதிதாக உருவாக்கிக் கொடுக்கவேண்டும். நடுவில் இருக்கும் அந்த வழியை எங்கள் கம்பெனி நடத்துகிறது. மணிக்கு இவ்வளவுதான் போகலாம் என்று வரம்பு வைப்பது என் வேலை. பேராச்சியக்கா கேட்டுவிட்டு, "அருவியில தண்ணி கூடுனா போலீஸ்காரன் விசிலடிச்சு எல்லாத்தையும் வெளிய எடுப்பாம்லா, அந்த மாதிரி" என்றாள். அதைவிடச் சரியாக நிர்மலாவாலும் சொல்ல முடிந்திருக்காது. ஆனாலும் அடுத்த வாரம் மறுபடி கேட்டாள். அது பதிலுக்காகக் கேட்பது இல்லை என்று புரிந்ததிலிருந்து நிர்மலா சிரித்துவிட்டு விடுவாள்.

அன்றும் சிரித்தாள். அப்போதுதான் உள்ளே போன் அலறியது.

அது ஆள் கூப்பிடும் சத்தம் இல்லை. கம்பெனி வைத்துக் கொடுத்த அபாய ஒலி. மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்காக அடிக்கும். கையைக்கூடக் கழுவாமல் போய்ப் பார்த்தாள். திரையில் இரண்டே வரி. வரம்பை நாற்பது மடங்கு உயர்த்தக் கோரிக்கை. கோரியவர் முஃபீத்.

வரம்பைக் கையாளும் அனுமதி உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் இருந்தது. ஒன்று அவளுக்கு, இன்னொன்று மஸ்கட்டில் இருக்கும் முஃபீதுக்கு. வரம்பைக் குறைப்பதை யார் செய்தாலும் அந்த நொடியே நடக்கும். உயர்த்துவது அப்படி இல்லை. ஒருவர் தன் சாவியால் கையொப்பமிட்டுக் கேட்டால் மூன்று மணி நேரம் காத்திருக்கும், அதற்குள் மற்றவர் வேண்டாம் என்று தள்ளிவிடலாம். ஒருவர் கை தவறினாலும் மனசு தவறினாலும் மற்றவர் தடுக்கவேண்டும் என்றுதான் அந்த ஏற்பாடு. அதனாலேயே இருவரும் போன் நம்பர் கொடுத்துக்கொள்ளக்கூடாது, நேரில் பழகக்கூடாது என்றும் விதி. கம்பெனியின் உள் அரட்டையில் மட்டும் பேசிக்கொள்ளலாம்.

மூன்று வருஷமாக அதில்தான் பேசினார்கள். வேலை கை மாறும்போது இரண்டு வரி என்று தொடங்கியது. முதல் வருஷம் முழுக்க இங்கிலீஷ்தான். ஒருநாள் மழையைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவன் இங்கிலீஷ் எழுத்தில் 'அங்கன எப்படி?' என்று அடித்துவிட்டான். அங்கே என்று எழுதியிருந்தால் தெரிந்திருக்காது. நிர்மலா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, 'நீங்க திருநெல்வேலிப் பக்கமா?' என்று கேட்டாள். 'கடையம்' என்று வந்தது. அவள் மேலகரம் என்றாள். கடையத்துக்கும் மேலகரத்துக்கும் ஒரு மணி நேரப் பஸ் தூரம்தான். அன்றோடு இங்கிலீஷ் விட்டுப்போனது.

அதன் பிறகு தினமும் காலையில் அவனுடைய பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி வந்தால் அவளுக்கு விடிந்தது. பெரிதாக ஒன்றும் பேசியதில்லை. என்ன சமையல், சாரல் உண்டா, மகளுக்குப் பல் விழுந்துவிட்டது, இங்கே வெயில் கொளுத்துகிறது. அவனுக்கு மனைவி உண்டு, பிள்ளை உண்டு, அவளுக்கும் அதில் சங்கடம் எதுவும் இல்லை. அவள் அவனிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. அன்றைக்கு அவள் என்ன சமைத்தாள் என்று கேட்பதற்கு வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான். சில நாட்களில் அவனிடம் சொல்வதற்காகவே ஒரு கூட்டு கூடுதலாக வைத்திருக்கிறாள்.

'என்ன இது? நீங்களா கேட்டது?' என்று அடித்தாள். புள்ளி சாம்பல் நிறத்தில் இருந்தது. வெள்ளியும் சனியும் அவனுக்கு விடுமுறை.

மடிக்கணினியைத் திறந்து போக்குவரத்தைப் பார்த்தாள். யாரோ பெரிய பெரிய துண்டுகளாக, இருக்கிற வரம்புக்குள் போக முடியாதபடி டோக்கனை வரிசையில் நிறுத்தி வைத்திருந்தார்கள். வழி அகலமாகும் என்று தெரிந்து காத்திருக்கிறவர்கள் நிற்கும் விதம் அது. அவள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வரம்பைப் பூஜ்யமாக்கினாள். எல்லாம் நின்றது. எங்கெங்கோ யார் யாரோ அனுப்பிய காசு நடுவழியில் நிற்கும். திட்டி எழுதுவார்கள். எழுதட்டும்.

பிறகு முஃபீதின் கோரிக்கையைத் தள்ளினாள். தள்ளிய கை எடுப்பதற்குள் அடுத்தது வந்தது. அதையும் தள்ளினாள். மறுபடி வந்தது. கோரியவர் முஃபீத், கோரியவர் முஃபீத் என்று அவள் தினமும் பார்க்க ஆசைப்பட்ட பெயர் திரையில் வந்துகொண்டே இருந்தது.

இந்த மாதிரி சமயத்தில் என்ன செய்யவேண்டும் என்பதில் குழப்பமே கிடையாது. மற்றவரின் அனுமதியை நீக்கவேண்டும், கேள்வியெல்லாம் அப்புறம். சாவி இருக்கும் கையொப்பக் கருவியைச் செருகி ஒருமுறை அழுத்தினால் போதும்; உயர்த்தக் கேட்டவரால் மட்டும் அன்றைக்கு மற்றவரை நீக்க முடியாது. ஆனால் நீக்கினால் அந்த ஆள் கம்பெனியின் எல்லா வாசலிலிருந்தும் தானாகவே வெளியேற்றப்படுவான். அரட்டையிலிருந்தும்தான். விசாரணை முடிந்து மேலிடம் சேர்த்துக்கொண்டால்தான் திரும்ப முடியும். அப்படித் திரும்பிய ஆளை அவள் பார்த்ததில்லை.

அவள் நீக்கவில்லை. வர வரத் தள்ளிக்கொண்டே இருந்தாள். மேலாளர் இருக்கும் கனடாவில் இன்னும் விடியவில்லை. அவருக்கு அபாயச் செய்தி போட்டாயிற்று. முஃபீதே ஏதாவது அவசரத்தில் செய்திருக்கலாம். மேலிடம் அவனிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். இல்லை, அவனே திருடனாகவும் இருக்கலாம். மகளின் விழுந்த பல்லைக் கூரை மேல் எறிய அங்கே கூரை இல்லை என்று எழுதியவன் இல்லையா?

அவனுடைய அண்ணன் மசூது கடையத்தில் செல்போன் கடை வைத்திருப்பதாக எப்போதோ சொல்லியிருந்தான். போனில் தேடினாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெயரில் ஒரு கடைதான் இருந்தது. விதி மீறல் என்று தெரிந்தேதான் கூப்பிட்டாள்.

"மசூது அண்ணாச்சியா? நான் முஃபீத் கூட வேலை பாக்கேன். அவர அவசரமாப் பிடிக்கணும். மஸ்கட் நம்பர் இருந்தா..."

"மஸ்கட்டா?" என்றார் அவர். பின்னால் யாரோ டெம்பர் கிளாஸுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். "அவன் வியாழக்கெழமையே ஊருக்கு வந்துட்டாம்லா. உங்ககிட்ட சொல்லலையா?"

நிர்மலா மேஜையில் பேனாவைத் தேடினாள்.

"குடும்பத்தோட அஞ்சருவிக்குக் குளிக்கப் போயிருக்கான். போனு கார்லதான் கெடக்கும். தண்ணிக்குள்ள கொண்டுட்டா போவான்? இந்தியா நம்பர் சொல்லுதேன், குறிச்சுக்கிடுங்க."

சொன்னார். குறித்துக்கொண்டாள். கூப்பிட்டாள். நாலைந்து முறை கூப்பிட்டும் மணி அடித்து அடித்து நின்றது. ஐந்தருவி அவள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் கால் மணி நேரம்கூட ஆகாது.

அரட்டையில் மேலே தள்ளிப் பார்த்தாள். விடுமுறையாக இருந்தும் வெள்ளிக்கிழமை காலையில் அவன் எழுதியது அங்கேயே இருந்தது. 'அங்கன சாரல் உண்டா?' உண்டு என்று எழுதியிருந்தாள். கிணற்றடியில் வழுக்குகிறது என்றும், நேற்று குடையில்லாமல் கடைக்குப் போய் நனைந்தேன் என்றும் மூன்று வரி எழுதியிருந்தாள். அதற்கு அவன் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருந்தான். 'இங்க வெயில்' என்றும் போட்டிருந்தான். அதே சாரலில் நின்றுகொண்டு.

இன்னொரு கோரிக்கை வந்தது. அவள் அதைத் தள்ளவில்லை. நீக்கும் பக்கத்தைத் திறந்து, அவன் பெயரைத் தேர்ந்தெடுத்து, 'உறுதியா?' என்று கேட்டதற்கு ஆம் என்றாள். பீரோவிலிருந்து கையொப்பக் கருவியை எடுத்துவந்து செருகி அழுத்தினாள். அரட்டையில் முஃபீத் என்று இருந்த இடத்தில் 'முன்னாள் பயனர்' என்று ஆனது. அவன் எழுதிய வரிகளெல்லாம் அப்படியே இருக்க, பெயர் மட்டும் மூன்று வருஷம் பின்னோக்கி, திரையில் மேலே மேலே மாறிக்கொண்டே போனது. விழுந்த பல்லைப் பற்றியும் இப்போது ஒரு முன்னாள் பயனர்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

கோரிக்கைகள் நின்றுவிட்டன.

மேலாளர் தூக்கக் குரலில் கூப்பிட்டார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, எதுவும் போகவில்லை, நன்றாகச் செய்தாய் என்றார். வரம்பு திங்கள்வரை பூஜ்யத்திலேயே இருக்கட்டும் என்றார். முஃபீதிடம் யாரும் பேசக்கூடாது, விசாரணைக் குழு பேசிக்கொள்ளும் என்றார். கடைசியில், வரம்பை உடனே நிறுத்திய நீ, ஆளை நீக்க ஏன் அவ்வளவு நேரம் எடுத்தாய் என்று கேட்டார்.

இங்கே மழை, இணைப்பு விட்டுவிட்டு வந்தது என்றாள். வெளியே தூறல்கூட நின்றிருந்தது.

இன்னொருவர் கிடைக்கும்வரை அனுமதி உன் ஒருத்தியிடம்தான் இருக்கும், சமாளித்துக்கொள்வாயா என்றார் அவர். சமாளிப்பேன் என்றாள்.

பேராச்சியக்கா தலையணை உறை கேட்க உள்ளேயே வந்துவிட்டாள். நிர்மலா முன்னறையில் சாப்பிட்ட கை காய்ந்துபோய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் நின்றாள்.

"என்னட்டி? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? அம்மைக்கு ஏதும்..."

"இல்லக்கா. கூட வேலை பாத்தவரு ஒருத்தரு." காய்ந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "போயிட்டாரு."

பேராச்சியக்கா மார்பில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ! வயசாளியா?"

அப்போதுதான் நிர்மலாவுக்கு அவள் என்ன புரிந்துகொண்டாள் என்று தெரிந்தது. திருத்தத் தோன்றவில்லை. "சின்ன வயசுதான். ஒரு பிள்ள இருக்கு."

"எந்த ஊரு?"

"கடையம்."

"கடையந்தானா! பக்கத்துல வச்சுக்கிட்டு இங்கன உக்காந்திருக்கே? எந்திரி. போயி முகத்தையாவது பாத்துட்டு வா. இல்லன்னா காலத்துக்கும் அது மனசுல கெடந்து உறுத்தும்." தலையணை உறையை மறந்துவிட்டு அவளே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நிர்மலாவின் கையை வாசல்படியில் வைத்துக் கழுவிவிட்டாள்.

ஐந்தருவிச் சாலையில் வண்டிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. ராம்புத்தானும் மங்குஸ்தானும் குவித்த கடைகள், ஈரத்தலையோடு பஜ்ஜி தின்கிறவர்கள், எண்ணெய்த் தேய்ப்புக்கு ஆள் கூப்பிடுகிறவர்கள். நிர்மலா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இறங்கியபோதுதான், வந்து என்ன செய்யப்போகிறோம் என்று யோசித்தாள். அவன் முகம் அவளுக்குத் தெரியாது. உள் அரட்டையில் அவன் படத்துக்குப் பதில் ஒரு பூனையை வைத்திருந்தான்.

கையிலிருந்த போன் அடித்தது. மசூது கொடுத்த நம்பர்.

"யாரு? நாலஞ்சு தடவ கூப்பிட்டிருக்கீங்க." குரல் அவள் நினைத்திருந்ததைவிட மெல்லியதாக இருந்தது.

"நான் நிர்மலா."

எதிர்ப்பக்கம் அருவிச் சத்தம் மட்டும் கேட்டது. அவளுடைய மற்ற காதிலும் அதே சத்தம்தான்.

"எங்கன இருக்கீங்க?" என்றான்.

"இங்கனதான். கார் நிறுத்துற இடத்துல."

ஒரு வேனைச் சுற்றிக்கொண்டு அவன் வந்தான். முன்பக்கம் தலைமுடி கொட்டிய, கொஞ்சம் தொப்பை விழுந்த ஆள். தோளில் துண்டு, முழங்கால்வரை மடித்துக் கட்டிய ஈரக்கைலி. அவளைக் கண்டதும் முதல் வேலையாகக் கைலியை அவிழ்த்துத் தழைய விட்டான். தூரத்தில் ஒரு காருக்குப் பக்கத்தில் அவன் மனைவி பிள்ளைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

நிர்மலா நடந்ததைச் சொன்னாள். வேலை நேரத்தில் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னாள். அவன் போனில் கம்பெனிப் பக்கத்தைத் திறக்கப் பார்த்தான். திறக்கவில்லை. மறுபடியும் பார்த்தான்.

"காசு போயிட்டா?"

"போகல."

அவன் அப்படியே பக்கத்துக் காரின் மேல் சாய்ந்தான். "ஒரு இன்டர்வியூ. போன வாரம். பரீட்சைன்னு ஒரு ஃபைல் அனுப்புனாங்க, ஓப்பன் பண்ணுனேன். அதுலதான் ஏதோ வைரஸ் வந்திருக்கணும்."

"சாவி உங்க கருவியிலல்லா இருக்கணும்?"

"பயணத்துக்கு வசதியா இருக்கும்னு லேப்டாப்புலயே போட்டு வச்சிருந்தேன்." அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். பிறகு பார்த்தான். "நீங்கதான எடுத்தீங்க என்னைய?"

"ஆமா."

"சரிதான். நானும் அதத்தான் செஞ்சிருப்பேன்." சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தான். "உடனே செஞ்சிருப்பேன்."

வேறு வேலை தேடியதை ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்க வாயெடுத்தபோது வேறொன்று வந்தது. "வெள்ளிக்கெழம சாரல் உண்டான்னு கேட்டீங்களே."

அவன் தோளிலிருந்த துண்டை எடுத்துப் பிழிந்தான். அது ஏற்கெனவே பிழிந்த துண்டு, இரண்டு சொட்டுதான் விழுந்தது. "வந்திருக்கேன்னு சொன்னா பாக்கணும்னு வரும்" என்றான். "பாத்து என்ன பேசன்னு தெரியல." பிறகு, "தப்பா எடுத்துக்கிடாதீங்க" என்றான்.

அவள் தலையாட்டினாள். அது பொய் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பொய்யாக இருந்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம்.

அவன் மனைவி கூப்பிட்டாள். "இந்தா வாரேன்" என்று அந்தப் பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டு, கையிலிருந்த போனைக் காட்டினான். "இந்த நம்பர வச்சிருக்கட்டுமா?"

"விசாரண முடியிற வரைக்கும் பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"முடிஞ்ச பெறகு?"

அவள் பதில் சொல்வதற்குள் பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்து இருவரையும் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கவைத்தது. வேன் நகர்ந்தபோது அவன் காரை நோக்கி நடந்துகொண்டிருந்தான். அங்கே போனதும் மனைவியிடம் ஏதோ சொன்னான். துவட்டுகிற கை நின்றது. அந்தப் பெண் நிமிர்ந்து நிர்மலாவைப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். பிள்ளை மட்டும் கை அசைத்தது. எதற்கென்று தெரியாமலே, எல்லாருக்கும் அசைப்பதுபோல.

கார் போன பிறகு அந்த இடத்தில் வேறொரு கார் வந்து நின்றது. நிர்மலா ஸ்கூட்டரின் இருக்கையைத் தூக்கி போனையும் பர்ஸையும் உள்ளே வைத்தாள். இந்நேரம் போன் கையில் இருக்கவேண்டும். வேறு ஆள் இல்லை. பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கும் என்று சொல்லிக்கொண்டு பூட்டினாள். மாற்றுத்துணி இல்லை. சுடிதாரின் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பெண்கள் பக்கத்துக்குப் படி இறங்கினாள்.

தண்ணீர் விழும் இடத்தில் இடமே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு பெண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். கண் தெரியாமல், முகம் தெரியாமல், நைட்டியும் சேலையும் பாவாடையுமாக ஒரே ஈரம். அவள் ஓரத்தில், சாரல் மட்டும் படுகிற இடத்தில் நின்றாள். உள்ளேயிருந்து ஒரு கை நீண்டு வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. கண்ணாடி வளையல் போட்ட தடித்த கை. இழுத்த இழுப்பில் நிர்மலா இரண்டு பேரைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். தலையில் தண்ணீர் இறங்கியது. மூச்சு நின்று திரும்ப வந்தது. யாருடைய தோளோ அவள் தோளில் சாய்ந்திருந்தது, யாருடைய முழங்கையோ விலாவில் குத்தியது. பிடித்திருந்த அந்தப் பெண் அவள் காதருகே வாய் வைத்து உரக்க ஏதோ கேட்டாள். ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. நிர்மலா ஆமாம் என்று தலையாட்டினாள். அந்தப் பெண் சிரித்தாள். பிடித்த கையை விடாமல், இன்னும் உள்ளே நகர்ந்து, பக்கத்தில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டாள்.